உப்பு எரியாத இடம்

பகல் பதினொன்றேகால் மணி, ஒரே அறையில் இரண்டு கட்டில்கள், இடப்புறக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவள் வசந்தாமணி. முகத்தை வைத்துக்கொள்ளக் கட்டிலின் தலைமாட்டில் வட்டமாக ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். ஓட்டைக்கு நேர் கீழே தரையில் ஒரு பித்தளை உருளி, உருளியில் தண்ணீர், தண்ணீரில் நந்தியாவட்டைப் பூக்கள். ஐம்பத்துநாலு வயதில், மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காகிதத்தில் செய்த உள்ளாடையை மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் சம்பந்தியம்மாள் கிடக்க, இப்படித் தானும் கிடப்போம் என்று போன தை மாதம் யாராவது சொல்லியிருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாள். இது முழுக்க மிருதுளாவின் ஏற்பாடு. அவினாசி ரோட்டு ஓட்டலின் முதல் மாடி ஸ்பாவில், உடம்பைத் தேய்த்துவிட, இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே நேரம் சொல்லிவைத்துவிட்டு, பெங்களூரிலிருந்து ஒரு வாரமாக ஃபோனில் பாடம் நடத்தினாள். முந்தின நாள் முடி எடுக்கிற வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே, உப்புப் பட்டால் எரியும். வெயிலில் போய் நிற்காதே. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதே. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பையில் வை. முடிந்த பிறகு அன்றைக்குச் சோப்பு போடாதே, தண்ணீர் நிறையக் குடி. செத்த தோல் எல்லாம் உதிர்ந்து, அடியிலிருந்து புதுத் தோல் தெரியுமாம், மேடையில் லைட்டு வெளிச்சத்தில் முகமும் கையும் பளிச்சென்று இருக்குமாம். செத்த தோல் என்று மகள் சொன்னது வசந்தாமணிக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா அது. ஆனாலும் மகள் ஆசையாகச் செய்தது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் எதற்குமே வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை, அது வேறு விஷயம்.

உள்ளே வந்ததும் கறுப்புச் சட்டை போட்ட பெண் உட்காரவைத்து விசாரித்தாள். மிசோரம் பக்கமாம், பேர் ரின்புயி, கோயமுத்தூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். பிரஷர் இருக்கா மேடம், சுகர் இருக்கா, எதுவும் அலர்ஜியா, வெயில் பட்டுத் தோல் உரிஞ்சிருக்கா. காயம், மச்சம், பரு இருந்தா அந்த இடத்துல தேய்க்க மாட்டோம் மேடம், விட்டுடுவோம் என்றாள். பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் துளி எண்ணெய் எடுத்துத் தடவி, எரிச்சல் இருக்கா என்று கேட்டு, இல்லை என்ற பிறகுதான் எழுந்தாள். காப்பித்தூளா, கல்லுப்பா என்று கேட்டதற்கு வசந்தாமணி உப்பு என்றாள். உப்பு தெரிந்த சரக்கு. திருஷ்டிக்குச் சுற்றிப்போடுகிற உப்பு, உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கும். சம்பந்தியம்மாள் தனபாக்கியத்துக்குக் காப்பித்தூள். திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனிக்காரர் வீட்டு அம்மாள், ஆனால் வாய் மட்டும் சந்தைக்கடையில் பிறந்தது மாதிரி. "ஏனுங் சம்மந்தி, உங்களுக்கு உப்பு, எனக்குக் காப்பித்தூளுங்களாமா. உங்கள உப்புக்கண்டம் போட்டுக் காய வெக்கறாங்க, என்னய டிகாசன் எறக்கறாங்க" என்றாள் துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. தேய்க்கிற பெண்கள் இருவருக்கும் பாதி புரிந்திருக்கும், அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதல் கைப்பிடி உப்பு வசந்தாமணியின் குதிகாலில் விழுந்தது.

எண்ணெயில் நனைந்த உப்பு. முதலில் குளிர்ச்சி, அப்புறம் சொரசொரப்பு, அப்புறம் இனம் தெரியாத சின்னச் சூடு. ரவை சலிக்கிற சத்தம் தன் காலிலிருந்தே வருவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆடுசதை, முழங்கால் மடிப்பு, தொடையின் பின்பக்கம். அந்தப் பெண்ணின் கை வட்டம் வட்டமாக மேலே ஏறியது, காலில் எப்போதும் மேல்நோக்கி, ஒருமுறைகூடக் கீழே இழுக்கவில்லை. கூச்சம் போய்விட்டது. உடம்பு இத்தனை நீளமா என்றிருந்தது. சோறாக்கவும் நடக்கவும் உட்காரவும் பயன்படுகிற ஒன்று, அதற்கு இத்தனை மூலை முடுக்கா. காரில் வரும்போது தனபாக்கியம் சொன்னது நினைவுக்கு வந்தது. பேச்சுவாக்கில்தான் சொன்னாள், முறுக்கு தின்றுகொண்டே. பையனுக்கு முதலில் ஈரோட்டுப் பக்கம் ஒரு இடம் பார்த்தார்களாம், பெண் கிளி மாதிரி இருந்ததாம், படிப்பு, சொத்து எல்லாம் பொருந்தியதாம், ஆனால் பெண்ணின் சித்திக்குக் கையெல்லாம் வெள்ளையாம். வெண்புள்ளி ஒட்டாதுன்னு டாக்டரு சொல்றாருதான், இல்லீங்கல, ஆனாப் பேரன் பேத்தி வரணுமில்லீங்க, நாளைக்கு நாலு பேரு பேசுவாங்கல்ல, வேண்டாம்னுட்டோம் என்று முறுக்குத் தூளைப் புடவையிலிருந்து தட்டிவிட்டாள். வசந்தாமணி தலையாட்டினாள். தலையாட்டினாளா, ஆமாங் என்றும் சொன்னாளா. சொன்னாள். இப்போது நினைத்தால் அது கொஞ்சம் உறுத்தியது, யாரோ ஒரு சித்தி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சமையல்கட்டில் நின்றிருப்பாள், பெண் பார்க்க வந்தவர்கள் தண்ணீர் வாங்கும்போது கையைப் பார்த்திருப்பார்கள். ரின்புயியின் கை இடுப்பைத் தாண்டி முதுகுக்கு வந்துவிட்டது. நடு முதுகு நன்றாக இருந்தது. அவர் இருந்தபோது ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு இங்கே கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க என்று முதுகைக் காட்டுவாள், அவர் தினசரிப் பேப்பரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் சொறிவார், இடம் தப்பித் தப்பிப் போகும், அட அங்க இல்லீங்க, மேல, மேல என்பாள். அதற்குப் பிறகு இந்த முதுகை யார் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அவளே பார்க்கவில்லை. ரவிக்கைக்கு உள்ளே போய்விட்ட முதுகு. உப்பு வலத் தோள்பட்டைக்கு ஏறி, கழுத்தடியைச் சுற்றி, இடத் தோளுக்கு வந்து, அங்கிருந்து இறங்கி மறுபடி நடு முதுகுக்கு வந்தது. இடையில் ஒரு இடம் விட்டுப்போனது.

இடத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு. சுற்றிலும் சொரசொரப்பு, நடுவில் ஒன்றுமில்லை. சரி, அடுத்த சுற்றில் வரும் என்று படுத்திருந்தாள். அடுத்த சுற்றிலும் கை அந்த ஓரம்வரை வந்தது, தாண்டிப் போனது, மறுபடி இந்தப் பக்கம் முளைத்தது. வீட்டில் வேலைக்கு வருகிறவள் கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விடாமல் சுற்றிலும் பெருக்கிவிட்டுப் போவது மாதிரி. இங்கேயுமா, இத்தனை பெரிய ஓட்டலிலுமா. சொல்லலாமா. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் சிரிப்புக்கு அடியில் வேறொன்று அசைந்தது, காயம் மச்சம் இருந்தால் விட்டுவிடுவோம் என்று அவள் சொன்னாளே, அப்படியானால் அங்கே ஏதோ இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள். மச்சமாக இருக்கும். அம்மாவுக்குக் கழுத்தில் பெரிய மச்சம் இருந்தது, அதிர்ஷ்டம் என்பார்கள். பருவாக இருக்கும். முதுகில் என்ன பரு, இந்த வயதில். அருவருப்புப் பட்டு விடுகிறாளோ. அப்படியென்றால் அது எப்படி இருக்கிறது, எத்தனை பெரிது, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தெரியுமா, கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ரவிக்கைக்குப் பின்கழுத்து இறக்கமாக வைக்கச் சொல்லித் தையல்காரியிடம் மிருதுளாதான் பிடிவாதம் பிடித்தாள். கேட்டுவிடுவது நல்லது. காசு கொடுத்த வேலைதானே. வசந்தாமணி முகத்தை ஓட்டையிலிருந்து அரைவிரல் தூக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், இடது பக்கம் தோளுக்குக் கீழே விட்டுட்ட கண்ணு, அங்கயும் தேய். கை நின்றது. பக்கத்துக் கட்டிலில் அதுவரை மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்த குறட்டையும் நின்றது.

"விடல மேடம்" என்றாள் ரின்புயி. "அங்கே மூணு தடவை தேய்ச்சாச்சு. சிவப்பு ஆயிடுச்சு. இப்பவும் கை அங்கதான் இருக்கு."

உருளியில் ஒரு பூ சுற்றிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, யாரும் தொடவில்லை, அது எப்படிச் சுற்றுகிறது என்று வசந்தாமணி பார்த்தாள். அது சுற்றி ஓரத்தில் போய் ஒட்டியது. இப்பவும் கை அங்கதான் இருக்கு. அவள் உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு அந்தக் கையைத் தேடினாள். இல்லை. தோளில் அந்தப் பெண்ணின் மறு கை ஊன்றியிருந்த கனம் தெரிந்தது, கழுத்தில் எண்ணெய் வழிவது தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டு தெரிந்தது, அந்த ஒரு இடத்தில் மட்டும் யாருமில்லை. "என்னங் சம்மந்தி, என்ன சொல்றா அந்தப் புள்ள?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கம் கலைந்த குரல் வந்தது. வசந்தாமணியின் நாக்கு தன்பாட்டுக்குப் பேசியது.

"ஒண்ணுமில்லீங். கூச்சமா இருக்குதுன்னு சொன்னேனுங்க."

தனபாக்கியம் கட்டில் குலுங்கச் சிரித்தாள். இந்த வயசுல கூச்சமுங்களா, உங்க மகளுக்குச் சொல்லோணும் என்றாள். சொல்லிவிட்டு உடனே தூங்கியும் போனாள். குறட்டை மறுபடி ஏறியது, திருப்பூர்த் தறி மாதிரி, நிதானமாக.

சுவரில் எழுதியிருந்தது. எந்தச் சுவர். கவுண்டம்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூடிப்போன மில்லின் நீளச் சுவர், கல்யாணமாகி வந்த புதிதில் தினமும் பார்த்தது. நீல எழுத்து. உணர்ச்சியற்ற தேமல். முதல் வார்த்தையில் சுண்ணாம்பு பெயர்ந்து உ போய்விட்டிருந்தது, ணர்ச்சியற்ற தேமல் என்றுதான் நின்றது, பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த உ-வை அவளே மனசுக்குள் போட்டுப் படிப்பாள். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின். அவ்வளவுதான். அதற்கு மேல் படிக்க வேண்டாம். அடுத்த வார்த்தை தெரியும், தெரியாதது மாதிரி நகர்ந்துவிடலாம், பஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். செங்கோடப் பெரியப்பாவுக்கு அந்த நோவு என்பார்கள், அதுகூட அபூர்வமாக. பொள்ளாச்சியில் தேங்காய்க் கிடங்குக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை, தனித் தட்டு, தனி டம்ளர், சலவைக்குப் போகாத போர்வை. பிள்ளைகளுக்கு அவர் மேல் பயமே இல்லை, மதிப்புதான், ஏனென்றால் எரிகிற அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை வெறுங்கையால் கழற்றுவார். அடுப்பிலிருந்து கொதிக்கிற குண்டாவைத் துணி இல்லாமல் இறக்குவார். எங்க பெரியப்பனுக்குச் சுடாது தெரியுமா என்று பள்ளிக்கூடத்தில் அவள் பெருமை பேசியிருக்கிறாள். மடங்கிய விரல்கள், கோழிக்கால் மாதிரி, அந்த விரல்களால் விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையா, நின்றதா. இரண்டு தடவை நின்றது, மூன்றாவது தடவை யாரும் பார்க்கவே வரவில்லை. அந்த அக்கா பிறகு எங்கோ நர்சு வேலைக்குப் போனாள், பேர் என்ன, பேர் வர மாட்டேன் என்கிறது, முகம் வருகிறது, பேர் வரவில்லை. சுடாது. சுடாது என்றால். போன தீபாவளிக்கு மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புஸ்வாணம் விட்டபோது ஒரு பொறி பறந்து வந்து அவள் முதுகில் விழுந்தது. மிருதுளாதான் ஐயோ அம்மா என்று தட்டிவிட்டாள். ரவிக்கையில் பட்டாணி அளவுக்கு ஓட்டை, புடவையிலும் ஓட்டை, ஆனால் அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, சுடவே இல்லை. மருதமலை முருகன் காப்பாத்தினான் என்றாள். மறுநாள் அடிவாரத்திலிருந்து படியேறிப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். எந்தப் பக்கம் பொறி விழுந்தது. இடது பக்கம். இடது பக்கமா, நன்றாக நினைத்துப் பார். அந்த ரவிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தால் தெரியும். தேட வேண்டாம். இடது பக்கம்தான். அப்போதே அது அங்கே இருந்திருக்கிறது, முருகனுக்கு உடைத்த தேங்காய் அதற்குத்தான் உடைந்திருக்கிறது. ஆடி மாதம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சின்னப் பெண் வீடு வீடாக வந்தாள், கையில் பந்துமுனைப் பேனா, கழுத்தில் அட்டை. தேமல் இருக்குங்களா, முதுகைக் கொஞ்சம் காட்டறீங்களா அம்மா, ரெண்டு நிமிஷம்தானுங்க. வெயிலில் அலைந்து கறுத்துப் போயிருந்தாள். வசந்தாமணி அவளுக்கு மோர் கொடுத்தாள், எங்க வீட்ல அதெல்லாம் இல்ல கண்ணு என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண் கதவில் சாக்கட்டியால் ஏதோ எழுதிவிட்டுப் போனது, பார்த்தாச்சு என்று அர்த்தமாம். மோரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னது. எங்க வீட்ல அதெல்லாம் இல்ல.

திரும்பிப் படுக்கச் சொன்னாள் ரின்புயி. துண்டைக் குடை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், வசந்தாமணி புரண்டாள். கூரை வெள்ளையாக இருந்தது. இனிமேல் உப்பு எங்கே வருகிறதோ அங்கே முன்கூட்டியே போய் உட்கார்ந்து பார்த்தாள். வலக்கால் இருக்கிறது. இடக்கால் இருக்கிறது, பாதத்தின் ஓரம், இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. வயிறு இருக்கிறது. பிரசவத் தழும்பில் உணர்வு கம்மி, அது மிருதுளா பிறந்ததிலிருந்தே அப்படி, அதைச் சேர்க்க வேண்டாம். வலக் கை தோளிலிருந்து விரல்வரை இருக்கிறது, கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு, வரிசையாக உப்பு கரகரவென்று நெரிந்தது. இடக் கை. தோள் இருக்கிறது. முழங்கை இருக்கிறது. மணிக்கட்டு. உள்ளங்கை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். சுண்டு விரலில் வந்து மனசு நின்றது. இருந்தது. ஆனால் உறை போட்டுக்கொண்டு தொட்டது மாதிரி இருந்தது. இன்னொரு தடவை தேய்த்தால் தெரியும், ஆனால் கேட்க முடியாது, கேட்டால் மறுபடி விடல மேடம் என்பாள். இருக்கிறது என்று வைத்துக்கொண்டாள். இல்லை. இருக்கிறது. கொஞ்ச நாளாகவே பூத் தொடுக்கும்போது அந்த விரலில் நூல் வழுக்கியது, வயசு என்று நினைத்திருந்தாள். தைலம் தேய்த்தாள். அந்தச் சுவரில் இரண்டாவது வரி ஒன்று இருந்தது, முற்றிலும் குணமாகும், மருந்து இலவசம் என்று, அது பெயராமல் முழுசாகத்தான் இருந்தது, அதை ஏன் அவள் ஒருநாளும் படிக்கவில்லை. பெரியப்பாவின் காலம் வேறு. இப்போது மாத்திரை இருக்கிறது, விழுங்கினால் சரியாகிவிடும், பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. இருக்கட்டும். அங்கே போய் வரிசையில் நிற்கும்போது யார் பார்ப்பார்கள். கம்பவுண்டர் நாகராசன் பார்ப்பார், அவர் தனபாக்கியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. மூன்று வாரம். நாளைக்கு நாலு பேரு பேசுவாங்கல்ல. சொல்லிவிட்டால் என்ன. இப்போதே, இந்தத் திரையை விலக்கி, சம்மந்தி, எனக்கு இப்படி என்று. சொன்னால் தனபாக்கியம் என்ன செய்வாள். அவள் கெட்டவள் இல்லை. நிச்சயத்தன்று, கல்யாணத்தில் தாரை வார்க்க வசந்தாமணியின் அண்ணனும் அண்ணியும் நிற்கட்டும், அவர் இல்லாத வீட்டில் அதுதான் முறை என்று பெரியவர்கள் பேசியபோது, அதெல்லாம் அந்தக் காலமுங்க, பெத்தவ உசிரோட இருக்கறப்ப வேற யாருங்க நிக்கறது, சம்மந்தியே மேடையில நிக்கட்டும், நான் சொல்றேன் என்று சபையில் ஓங்கிச் சொன்னவள். அன்றைக்கு வசந்தாமணி பாத்திரம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே வாய்தான், கையெல்லாம் வெள்ளையாம் என்று முறுக்கோடு மென்றதும். இரண்டு வாயில் எது திறக்கும். தெரியாது. தெரியாமல் மகளை வைத்துப் பார்க்க முடியாது. சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்று. ஒட்டுமா. ஒட்டினால் மிருதுளாவுக்கு. இத்தனை வருஷம் ஒரே தலையணையில் படுத்த பெண். இந்தப் பெண் ரின்புயி, வெறுங்கையால், மூன்று தடவை. கையைக் கழுவு கண்ணு என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, எதற்கு மேடம் என்பாள். நினைப்பு மில் சுவரிலிருந்து கிளம்பி, தேங்காய்க் கிடங்கு வழியாக, தாரைச் சொம்புவரை போய், மறுபடி மில் சுவருக்கே வந்து நின்றது. டவுன் பஸ் மாதிரி. இறங்க இடமில்லை.

வெந்நீர்க் குழாயின் கீழே நிறுத்தி உப்பைக் கழுவிவிட்டார்கள். சூடு ஜாஸ்தியா மேடம் என்று கேட்டாள் அந்தப் பெண். வசந்தாமணி முகத்தைத் தண்ணீருக்குக் காட்டி, முதுகைக் காட்டி, மறுபடி முகத்தைக் காட்டி, சரியா இருக்கு என்றாள். பிறகு உடை மாற்றும் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. தனபாக்கியம் முன்னமே வந்து, பாவாடையும் ரவிக்கையுமாக, கூந்தலைத் தட்டிக்கொண்டு நின்றாள். மேலெல்லாம் காப்பிக் கடை வாசம் அடிக்குது, எங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு என்னயக் குடிச்சே போடுவாரு என்றாள். வசந்தாமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு முதுகைக் காட்டாத மூலையாகப் பார்த்து நின்று ரவிக்கைக்குள் கையை விட்டாள். எண்ணெய்ப் பிசுக்கில் துணி வழுக்கி இடத் தோளில் சிக்கியது. இழுத்தாள், வரவில்லை. இருங்க, இருங்க, நான் இழுத்து விடறேன் என்று தனபாக்கியம் பின்னால் வந்துவிட்டாள். வேண்டாமுங்க என்று சொல்வதற்குள் துணி விலகியது.

"அட, அந்தப் புள்ள தேய்ச்சுத் தேய்ச்சு தோலயே எடுத்துட்டாளுங்க சம்மந்தி. ரத்தம் கன்னிப்போய்க் கெடக்குது. எரியலீங்களா?"

வசந்தாமணிக்கு எதிரே இருந்தது வெறும் சுவர். சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் அவளுடைய புடவை. அவள் அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எரியுதுங்க. ரொம்ப எரியுது."

அச்சச்சோ என்றாள் தனபாக்கியம். கூச்சமா இருக்குன்னு சொன்னப்பவே எந்திரிச்சு வந்து அந்தப் புள்ளயை ஒரு போடு போட்டிருக்கோணும், தூங்கித் தொலச்சுட்டேன் என்றாள். தன் கைப்பையைத் துழாவினாள். சின்னப் பாட்டிலில் தேங்காயெண்ணெய் வைத்திருந்தாள், எங்கே போனாலும் வைத்திருப்பாளாம். விரலில் எண்ணெயை எடுத்தாள். இல்லீங்க, நீங்க தொடாதீங்க, நான் வீட்டுக்குப் போயி என்று வசந்தாமணி தொடங்கியதை முடிக்கவில்லை. என்ன காரணம் சொல்வது. வெட்கத்தைக் காரணம் சொல்லலாம், அதற்கும் நேரம் கடந்துவிட்டது. தனபாக்கியம் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தாள், அந்தக் கை தெரிந்தது, இன்னொரு கை எண்ணெய் தடவிக்கொண்டிருக்க வேண்டும். தடவிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பக்கவாட்டில் அவளுடைய முழங்கை அசைவது தெரிந்தது. மெதுவாக, பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி மெதுவாக அந்த முழங்கை போய்ப் போய் வந்தது. பிறகு தனபாக்கியம் குனிந்து அந்த இடத்தில் ஊதினாள். ஊதுகிற சத்தம் கேட்டது. காற்று கழுத்தோரம் வந்து பட்டுச் சில்லிட்டது, விலாவில் பட்டது, காதுமடலுக்குப் பின்னால்கூடப் பட்டது. இப்பக் குறைஞ்சுதுங்களா என்று கேட்டாள். குறைஞ்சுதுங்க என்றாள் வசந்தாமணி. இன்னும் நாலு ஊது ஊதிவிட்டு, ரவிக்கையை மெல்ல மேலே ஏற்றிவிட்டு, எண்ணெய்க் கையைத் தன் முகத்திலேயே தடவிக்கொண்டு, வாங்க, கீழ ஏதோ டீ தருவாங்களாம் என்று தனபாக்கியம் முன்னால் நடந்தாள். வசந்தாமணி கொக்கியிலிருந்து புடவையை எடுத்தாள். கொசுவம் வைக்கும்போது இடக் கைச் சுண்டு விரலில் மடிப்பு நிற்கவில்லை. மறுபடி வைத்தாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மிருதுளாவின் திருமணம் நடந்தது. வசந்தாமணி மேடையில் நின்று தாரை வார்த்தாள். கல்யாணம் முடியட்டும் என்றிருந்தாள், மறுவீடு முடியட்டும் என்றிருந்தாள், பிறகு ஊரடங்கு வந்தது. அக்டோபர் பதினான்காம் தேதி புதன்கிழமை, அரசு மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவில், செவிலியர் பார்த்திருக்க முதல் மாத்திரையை விழுங்கினாள். உடன் யாரும் வரவில்லை. தண்ணீர் டம்ளரை வலது கையால் பிடித்திருந்தாள், இடது கைச் சுண்டு விரல் இந்த எட்டு மாதத்தில் மடங்கிவிட்டிருந்தது.